மெசின் நிற்கிற இடம்

லொறி தெருவுக்குள் வரவில்லை. பள்ளிவாசல் முடக்கில் ஒரு பக்கம் மின்கம்பமும் மறுபக்கம் கொத்துரொட்டிக் கடையின் தகரத் தாழ்வாரமும் நெருக்கியதால், சாரதி இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்துவிட்டான். மெசின் அங்கேயே இறங்கியது. றிஸ்மி தானே ஏறி, பலகைகளின் மேல் பின்பக்கமாக மெல்ல மெல்ல இறக்கி, நற்பிட்டிமுனையின் அந்த ஒடுக்கமான கொங்கிரீட் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான். பின்நேர அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் மதிலோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் உழவு இயந்திரத்துக்கு மெசின் என்றுதான் பெயர். இருக்கை மதிலுக்கு மேலே தெரிகிற பெரிய மெசின்களை எல்லோருக்கும் தெரியும். பின்னால் நடந்தபடி பிடித்துக்கொண்டு போகிற கைமெசினையும் தெரியும். இது இரண்டிலும் சேரவில்லை. பெரியதில் உள்ள எல்லாம் இதிலும் இருந்தது. ஆனால் எல்லாம் சுருங்கி இருந்தது. செம்மஞ்சள் நிறம். இருக்கையைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை.

"இது மெசினா, மெசின்ட குட்டியா?" என்று படலையில் நின்றே கேட்டாள் ஸுஹைறா. அவள் றிஸ்மியின் மூத்த தங்கை; அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவள். இடுப்பில் ஒரு குழந்தை.

"குட்டியெண்டா நல்லம்தானே. வளரும்" என்றான் றிஸ்மி.

"வளந்தா எங்க கொண்டு கட்டப் போறீங்க காக்கா?"

சிரிப்புக்குத்தான் கேட்டாள். எல்லோரும் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த வளவில் பதில் இருக்கவில்லை.

இங்கே வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறவன். றிஸ்மியின் வாப்பா மீராமுகைதீனின் வீட்டு வளவு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இடப்பக்கத்துப் பழைய வீடு ஸுஹைறாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மீராமுகைதீனும் மனைவி ஹாஜறாவும் அதன் பின்னறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். வலப்பக்கம் இளையவள் றஸ்னாவுக்கு. அங்கே புதுவீடு ஓடு போட்டு நின்றது. தரை பூசவில்லை, தெருப்பக்க மதில் எழும்பவில்லை. இரண்டு வீட்டிலும் உள்ள கல்லும் ஓடும் கதவும் றிஸ்மி கத்தாரில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டிச் சம்பாதித்தவை. அவன் ஊருக்குத் திரும்பி வந்து, றஸ்னாவின் வீட்டில், சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் படுத்தான். தங்கை கலியாணம் முடித்து அதில் குடிவருகிறவரை அவன் அங்கே இருக்கலாம். இந்த மெசின்தான் அவன் தனக்கென்று வாங்கிய முதல் சாமான்.

ஸுஹைறாவின் கேற் மோட்டார் சைக்கிள் போய்வர மட்டும் வைத்தது. மெசினின் முன்பக்கம் நுழைந்தாலும் பின்னால் கொளுவுகிற சுழல் கலப்பை நுழையாது. எனவே மதில் இல்லாத பக்கத்தால் போய், றஸ்னாவின் வீட்டு வாசலுக்கு நேரே, கொய்யா மரத்தடியில் மெசின் நின்றது. அதுதான் லேசான வழி. வேறு யோசனை யாருக்கும் வரவில்லை.

பின்னால், இன்னொரு மெசின் இழுத்து வந்த வாடகைப் பெட்டியில் மற்றச் சாமான்கள் வந்து சேர்ந்தன. சேற்று வயலுக்குப் போடுகிற இரும்புச் சில்லு ஒரு சோடி. வயலை மட்டப்படுத்துகிற அகலத் தகடு. கடைசியாகச் சுழல் கலப்பை. வளைந்த கத்திகள் வரிசை வரிசையாக அதன் வயிற்றுக்குள் தெரிந்தன. ஹாஜறா குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"அல்லாஹ்வே! ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் இவ்வளவு கத்தி நான் கண்டதில்ல. புள்ளைகள அண்ட விடாதீங்க."

றஸ்னா இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு பிடியாகத் தொட்டாள். ஒலுவில் கெம்பசில் படித்து முடித்து, நியமனத்துக்காகக் காத்திருந்தவள் அவள். "இது என்னத்துக்கு? இது?" என்று கேட்டுக்கொண்டே போனாள். றிஸ்மி சொன்னான்: இது தூக்க, இது இறக்க, இது நாலு சில்லும் சேர்ந்து இழுக்க.

"ஹோர்ன் இரிக்கா?"

"இரிக்கி. அமத்து."

அமத்தினாள். உருவத்துக்கு ஏற்ற சத்தம்தான் வந்தது. ஸுஹைறா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐஸ்கிரீம்காரன் வந்துட்டான்டீ!"

மீராமுகைதீன் சிரிக்கவில்லை. ஒருமுறை சுற்றி வந்தார். எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்தார், சூடு. "பெட்டி எங்க?" என்றார். சுமை ஏற்றப் பின்னால் கொளுவுகிற பெட்டி இல்லாத மெசின் அவர் கணக்கில் பாதி மெசின்.

"பெட்டி பொறவு வாப்பா. முதல்ல உழுவம்."

"ம்" என்றார். "நாம கையால புடிச்சு இழுக்கிற அளவுக்குத்தான் இரிக்கி. பாப்பம் கரவாகு என்ன சொல்லுது எண்டு."

கரவாகு வட்டை ஊருக்கு மேற்கே பள்ளத்தில் கிடக்கிற வயல்வெளி. அதன் தாழ்ந்த மூலையில் பெரிய மெசின்கள் இறங்குவதில்லை. போன வருசம் அழகரெத்தினத்தின் வயலில் ஒன்று இறங்கி, சில்லுப் பாதி தாழ்ந்து, அதை இழுக்க இன்னுமிரண்டு வர வேண்டியிருந்தது. கைமெசின் இறங்கும், ஆனால் பின்னால் நடக்கிறவன் இடுப்புவரை சேற்றில் நடக்க வேண்டும், இப்போது அதற்கு ஆள் வருவதில்லை. அதனால் அந்த மூலை வயல்கள் பாதி விதைத்தும் பாதி புல்லாகவும் கிடந்தன. இந்த மெசினை றிஸ்மி வாங்கியதே அவற்றை நினைத்துத்தான்.

அடுத்த நாள் காலை அழகரெத்தினம் வரம்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரின் மற்றப் பக்கத்தில் வீடு; இரண்டு வீட்டாரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர்கள்.

"தம்பி, இது தாழாதா?"

"பாரம் இல்ல அண்ணன். தாழுறதுக்குப் பாரம் வேணுமே."

"பாரம் இல்லாட்டி உழவு எப்படி விழும்?"

"கத்தி உழும். மெசின் சும்மா மேல போகும்."

ரப்பர்ச் சில்லுகளுக்கு வெளியே இரும்புச் சில்லுகளைப் பூட்டி, வரம்பை மெல்ல ஏறி, மெசின் வயலுக்குள் இறங்கியது. கணுக்கால் தண்ணீர். அதற்குக் கீழே எவ்வளவு சேறு என்று அழகரெத்தினத்துக்கே தெரியாது. றிஸ்மி கலப்பையை இறக்கினான். முதல் உழவு என்ற ஆசையில் முழு ஆழத்துக்கும் இறக்கிவிட்டான். கத்திகள் சேற்றைக் கவ்வ, மெசின் முன்சில்லை நிலத்தைவிட்டு ஒரு சாண் தூக்கிக்கொண்டது.

"தலையத் தூக்குது! தம்பி, தலையத் தூக்குது!" அழகரெத்தினம் வரம்பில் ஓடினார். "மூக்கணாங்கயித்த இழுங்க!"

றிஸ்மி பிடியைத் தட்டிக் கலப்பையை உயர்த்தினான். முன்சில்லு தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். நாலு சில்லும் சேர்ந்து இழுத்தன. பின்னால் புல்லும் பழைய வைக்கோலும் தண்ணீரும் ஒன்றாகக் குழைந்து, கறுப்புக் களியாக விரிந்துகொண்டே வந்தது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து பின்னால் இறங்கின. இரண்டாம் சுற்றில் வைக்கோல் கத்திகளில் சுற்றிக்கொண்டது. இறங்கிக் கையால் பிடுங்கினான். மூன்றாம் சுற்று தடையில்லாமல் போனது. பார்க்க நின்றவர்கள் வரம்பில் குந்தியிருந்தார்கள்.

பகலில் வேப்பமர நிழலில் பார்சல் அவிழ்த்தார்கள். சோறு, கீரிமீன் ஆணம், வாழைக்காய்ப் பொரியல். அழகரெத்தினம் ஒரு முட்டித் தயிர் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, ஒரு கதை சொல்றன், கோவிக்கக் கூடாது" என்றார் அவர். "உங்கள மாப்பிள்ள கேட்டு வாறவங்க இனி உங்களப் பாக்க மாட்டாங்க. மெசினத்தான் பாப்பாங்க."

"என்னைப் பாக்க இனி என்ன இரிக்கி அண்ணன், மொட்ட விழுந்துட்டு."

"அதான் சொல்றன். தொப்பியப் போட்டுக்கிட்டு மெசின்ல ஏறி இருங்க."

சோறு முடிகிறதற்குள் பக்கத்து வயல்காரர்களும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே அவசரம். அடைமழை தொடங்கிவிட்டால் கரவாகு மூலை தண்ணீரில் மூடிவிடும். அதற்கு முன் உழுது விதைத்து முளை எழும்பியிருக்க வேண்டும். தவறினால் அந்தப் போகம் இல்லை. றிஸ்மி எல்லோருக்கும் வருகிறேன் என்றான். ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அட்டாளைச்சேனையிலிருந்து றஸ்னாவைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஸஹீத், விஞ்ஞான ஆசிரியர். சம்பந்தம் பேசியவள் ஹாஜறாவின் தூரத்து உறவான ஸம்றா. சனிக்கிழமை பின்நேரம் ஹாஜறா வாசலைக் கூட்டிக்கொண்டு வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இதென்ன சேறும் சகதியுமா! வாற ஆக்கள் என்ன நினைப்பாங்க? கழுவு மகன்."

அண்ணனும் தங்கையும் சேர்ந்து கழுவினார்கள். றஸ்னா பழைய பல்துலக்கியால் சில்லின் பள்ளங்களைத் தேய்த்தாள். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது மெசின் லொறியில் இருந்து இறங்கிய அன்றுபோல மின்னியது.

இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் ஒன்றையும் கேட்பதில்லை. இது பெண்ணுக்கா, அது பெண்ணுக்கா என்று கேட்பது மரியாதை அல்ல. கண்ணில் பட்டதை மனதில் எடுத்துக்கொண்டு போவார்கள். காட்டுகிறவர்களும் அது தெரிந்தே காட்டுவார்கள். பெண்ணுக்குச் சேராத சாமானை முதல் நாளே பக்கத்து வளவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸுஹைறாவைப் பார்க்க வந்தபோது மீராமுகைதீன் தன் மாட்டைக்கூட அவிழ்த்துக்கொண்டு போய்த் தம்பி வீட்டில் கட்டியவர். இந்த முறை அவருக்கு அது தோன்றவில்லை. மெசினை ஒரு சாமானாக யாரும் நினைக்கவில்லை. அது றிஸ்மி. றிஸ்மியை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

ஞாயிறு வந்த ஸஹீதின் தாய் மாமனை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரில் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு மெசினைச் சுற்றி வந்தார். சில்லில் காலால் ஒரு தட்டு. "மாஷா அல்லாஹ்" என்றார். மீராமுகைதீன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஸஹீத் ஆண்களோடு உட்காராமல் றிஸ்மியிடம் போய்விட்டான். கலப்பைக்குப் பின்னால் குந்தி ஒரு கத்தியின் வளைவைப் பெருவிரலால் தடவினான்.

"இது ஏன் எல்லாம் ஒரு பக்கமா வளையாம மாறி மாறி வளைஞ்சிரிக்கி?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவனைப்போல றிஸ்மி சொல்லத் தொடங்கினான். கத்தியில் தொடங்கிக் கரவாகு வரைக்கும் போனான். "இனி நான் வெளிநாடு போறதில்ல மச்சான். இதான் என்ட தொழில். அந்த மூலையில இனிப் புல்லு நிக்காது." ஸஹீத் கடைசி வரை கேட்டான்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து றஸ்னா அவன் முதுகைத்தான் பார்த்தாள். வெள்ளைச் சேர்ட் நிலத்தில் படுகிறதே என்று கவலைப்படாமல் குந்தியிருந்த அந்த இருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுடைய தாய் பரீனா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தபோது அவள் முகத்தில் அது கொஞ்சம் தெரிந்திருக்கவும் கூடும்.

மறுநாள் ஸம்றா தொலைபேசியில் வந்தாள்.

"சாச்சி, அவங்களுக்கு நல்லாப் புடிச்சிட்டு. ஹாஜியாரும் சொன்னாரு, எங்களுக்கு வேற ஒண்டும் வேணாம், வீட்டோட வளவுல நிக்கிற மெசினே போதும், மாப்பிள்ள பள்ளிக்கூடம் போனாலும் அத ஆளவெச்சி ஓட்டிக்கலாம் எண்டு. வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறவு திகதி வைக்க வாறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஹாஜறா தொலைபேசியை வைத்தாள். வைத்த பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

அன்று இரவுச் சாப்பாடு நீண்டது.

"நான் வாயத் திறந்து குடுக்கிறன் எண்டு சொன்னனா?" என்றார் மீராமுகைதீன்.

"குடுக்கிறல்ல எண்டும் சொல்லல்லியே வாப்பா" என்றாள் ஸுஹைறா. "வெத்திலத் தட்ட நகத்திக் குடுத்தீங்க. அவரு போட்டுக்கிட்டாரு."

"நீ பேசாம இரி."

"நான் பேசாம இருந்தாச் சரியா? கழுவி மினுக்கி வாசல்ல வெச்சது ஆரு?"

ஹாஜறாவின் கண் கலங்கியது. "நானா தெரிஞ்சி செஞ்சன்? இப்ப போய் அது எங்கட மகன்ட எண்டு சொன்னா என்ன ஆகும்? மெசினக் காட்டிப் புள்ளையக் குடுக்கப் பாத்தாங்க எண்டு அட்டாளைச்சேனை முழுக்கக் கதை வரும். மறுகா ஆரு இந்த வாசல மிதிப்பான்?"

றிஸ்மி ஆணத்தில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். "நிக்கட்டும்" என்றான்.

"என்ன நிக்கட்டும்?" என்று கேட்டாள் றஸ்னா.

"மெசின். அவங்க வந்து போறவரைக்கும் அசைக்க வேணாம். எடுத்துக்கிட்டுப் போனா அதுவே ஒரு பதில் மாதிரி ஆகிரும்."

"வந்து போன பொறவு?"

றிஸ்மி எழும்பினான். கைகழுவிவிட்டுப் போய், மெசின் சாவியை றஸ்னாவின் வீட்டு நிலையில் அடித்திருந்த ஆணியில் கொளுவினான். பெரிய விசயம் செய்கிறவனைப்போல அவன் செய்யவில்லை. ஸுஹைறாவின் கூரைக்கு ஓடு வாங்கிய வருசம் ஊருக்கு வரும் டிக்கட்டைக் கைவிட்டதும் இப்படித்தான். கேட்டால் கொடுப்பான், கேட்காவிட்டாலும் கொடுப்பான்.

மெசின் நின்றது. செவ்வாயும் புதனும் நின்றது. ஸுஹைறாவின் கோழி ஒன்று இருக்கையில் ஏறி அடைகாக்கிறதுபோலக் குந்தியது. விரட்டினால் திரும்பி வந்தது. கடற்பக்கம் முகில் கறுத்து, மாலையில் ஒரு பாட்டம் தூறிவிட்டுப் போனது. மெசினின் மேல் நீர் நின்று வடிந்தது. றிஸ்மி கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்தான்.

புதன் பின்நேரம் அழகரெத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். மீராமுகைதீனைக் கண்டு, "காக்கா, சுகமா?" என்றவர் மெசினைப் பார்த்தார், பிறகு றிஸ்மியைப் பார்த்தார்.

"தம்பி, மழை இரஞ்சிக்கிட்டு நிக்கிது. பாதி வயல் உழுதபடி கிடக்கு. பக்கத்து வயல்காரர் என்னைப் பிடிச்சுத் தின்றாங்க, எங்க உங்கட ஆள் எண்டு."

"மெசின்ல ஒரு சாமான் பழுது அண்ணன்" என்றான் றிஸ்மி. "கொழும்பில இருந்து வரணும்."

"புது மெசினா?"

"ஓம். புதுசுலயும் வரும்தானே."

அழகரெத்தினம் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். "அப்ப நான் கைமெசின்காரனத் தேடுறன்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். அவர் நம்பவில்லை; நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

றஸ்னா உள்ளே நின்று கேட்டாள். அண்ணன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவன் மெசினின் முன்னால் போய் நின்று, பழுதில்லாத மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

அன்று மஃரிபுக்குப் பிறகு அவள் தொலைபேசியில் ஸஹீதோடு கதைத்தாள். இலக்கம் ஸம்றா கொடுத்தது. இரண்டு மூன்று நாளாகச் சாப்பிட்டீங்களா, மழையா என்ற அளவில் குறுஞ்செய்திகள் போய்வந்திருந்தன.

"அண்டைக்குக் காக்கா உங்களுக்கிட்ட மெசினப் பத்தி என்ன சொன்னவரு?"

"நிறையச் சொன்னாரு. கத்தி வளைஞ்சிரிக்கிற விதம்…"

"கத்திய உடுங்க. ஆருட மெசின் எண்டு சொன்னவரு?"

"இதான் தன்ட தொழில் எண்டு சொன்னவரு" என்றான்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா, அது பெரியாக்கள் கதைக்கிற விசயம் றஸ்னா. நான் எப்படி நடுவுல…"

"சரி" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து றிஸ்மி மறுபடி சாய்ந்திருந்தான். கட்டிலின் சட்டத்தில் யாரோ சாவியால் தட்டினார்கள்.

"ஒழும்புங்க காக்கா. வயலுக்குப் போங்க."

"விசரா ஒனக்கு? இண்டைக்கு அவங்க வாறாங்க."

"வரட்டும். நீங்க இல்லாட்டி இன்னும் நல்லம். இருந்தா எல்லாத்துக்கும் தலையாட்டிருவீங்க."

"ஜும்ஆ இரிக்கி."

"ஜும்ஆவுக்கு முன்னுக்கு ஒரு வயல் உழலாம். வட்டைப் பக்கத்துப் பள்ளியில தொழுதுட்டு மறுகா இறங்குங்க. சோறு கட்டி வெச்சிரிக்கன்."

"புள்ள, இது ஒன்ட கலியாணம்."

"ஓம், என்டதான். அதாலதான் நான் சொல்றன்." சாவியை அவன் சேர்ட் பைக்குள் போட்டாள். "கோழிய இறக்கிட்டு ஏறுங்க."

ஹாஜறா சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மெசின் பள்ளிவாசல் முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். றஸ்னா சில்லுகள் அழுத்திய இரண்டு பள்ளங்களையும் மண் போட்டு மிதித்துச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். ஸுஹைறாவின் வீட்டுக் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, மெசின் நின்ற அதே இடத்தில் வரிசையாகப் போட்டாள்.

"நீ என்ன செய்யப் போற?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள் ஸுஹைறா. இந்த முறை அவள் பகிடி பண்ணவில்லை.

"தேத்தண்ணி குடுக்கப் போறன்."

ஜும்ஆ முடிந்து இரண்டு வாகனத்தில் வந்தார்கள். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வட்டிலப்பம் வந்தது, பணியாரம் வந்தது. ஹாஜியார் அங்கும் இங்கும் பார்த்தார். கேட்கக் கூடாதவர்தான், இருந்தும் கேட்டார்.

"மெசின் எங்க?"

மீராமுகைதீன் கையிலிருந்த வட்டிலப்பக் கோப்பைக்குள் பார்த்தார். அந்த நேரத்தில் றஸ்னா தேநீர்த் தட்டோடு வெளியே வந்தாள். கலியாணப் பெண் ஆண்கள் இருக்கிற இடத்துக்கு இப்படி வருவது வழக்கமில்லை. தட்டை வைத்தாள், உள்ளே போகவில்லை.

"வயல்ல மாமா. காக்கா கரவாகுக்குக் கொண்டு போயிட்டாரு. மெசின் காக்காட. அது நிக்கிற இடம் என்ட. நான்தான் அவருக்கு நிப்பாட்டக் குடுத்திரிக்கன்."

யாரும் தேநீரை எடுக்கவில்லை.

"அப்ப பொம்புளைக்கு?" என்றார் ஹாஜியார்.

"வீடு. நீங்க தட்டிப் பாத்த வீடுதான்."

ஹாஜியார் மீராமுகைதீனின் பக்கம் திரும்பினார். "புள்ள கதைக்குது. நீங்க கேட்டுக்கிட்டு இரிக்கீங்க."

மீராமுகைதீன் வட்டிலப்பக் கோப்பையைக் கீழே வைத்தார். "புள்ள சொல்றது சரி ஹாஜியார். அண்டைக்கு நான் சொல்லியிரிக்கணும். சொல்லாம உட்டுட்டன்."

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் ஸஹீத். சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. "அண்டைக்கே மச்சான் சொன்னவரு."

"தெரிஞ்சா ஏன் வாயத் திறக்கல்ல?"

றஸ்னா ஸஹீதின் பதிலுக்காகத்தான் நின்றிருந்தாள். அது வராதென்று தெரிந்ததும் உள்ளே போனாள். பரீனா மட்டும் வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்தாள். எழும்பிப் போகும்போது ஹாஜியார், "சொல்லி அனுப்புறம்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"வட்டிலப்பத்த நாமளே தின்னுவம்" என்றாள் ஸுஹைறா. ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாஜறா கோப்பைகளைக் கழுவினாள், ஒன்று உடைந்தது.

மஃரிபுக்குச் சற்று முன்னால் மெசின் வந்தது. நிறமே தெரியாமல் சேறு. கதிரைகள் இன்னும் வெளியே கிடந்ததால் றிஸ்மி தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினான். கழுத்துவரை சேறு, அதற்கு மேல் சிரிப்பு.

"அழகரெத்தினம் அண்ணன்ட முடிஞ்சிது. பக்கத்து வயலும் பாதி முடிஞ்சிது. அந்த மாப்பிள்ளையும் வந்தாரு."

"ஆரு?" ஹாஜறா கோப்பையோடு வெளியே வந்தாள்.

"ஸஹீத். வாகனத்த விட்டு இறங்கி வட்டை றோட்டால நடந்து வந்திரிக்காரு. வரம்புல கொஞ்ச நேரம் நின்டாரு. கத்தியில வைக்கோல் சுத்திட்டு. பாத்தா, சப்பாத்தக் கழட்டி வெச்சிட்டு, அந்த வெள்ளைச் சேர்ட்டோட இறங்கிப் புடுங்குறாரு. அண்ணன் சொன்னாரு, வாத்தியார், கை போயிரும், மெசின நிப்பாட்டட்டும் எண்டு."

"என்ன சொன்னாரு?" என்றாள் றஸ்னா.

"மன்னிச்சிருங்க எண்டாரு. எதுக்கு எண்டு எனக்கு வெளங்கல்ல. இஞ்ச என்ன நடந்த?"

ஸுஹைறா சொன்னாள். றிஸ்மி கேட்டபடி மெசினில் சாய்ந்து நின்றான். சிரிப்பு போய்விட்டது. "நல்ல மனிசன் புள்ள" என்றான் கடைசியில். "சேத்துக்கு இறங்கினவரு."

"சேத்துக்குள்ள இறங்குறது லேசு காக்கா. அங்க ஹாஜியார் இல்லையே." றஸ்னா ஒரு கதிரையைத் தூக்கினாள். "மாமாக்கு முன்னால வாயத் திறக்கட்டும். பொறவு பாப்பம்."

கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மெசின் தன் இடத்துக்கு வந்தது.

மழை பிந்தியது. றிஸ்மி நாளும் பொழுதும் கரவாகுவில் கிடந்தான். அட்டாளைச்சேனையில் ஒரு வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்ததாக ஸம்றா தொலைபேசியில் சொன்னாள்: வாத்தியார் மாமனோடு முகத்துக்கு முகம் கதைத்தாராம், மாமன் சோறு தின்னாமல் எழும்பிப் போனாராம், தாய் மகனின் பக்கமாம். இனி வந்தால் மாமன் வரமாட்டார், மற்றவர்கள் வருவார்கள், எப்போது வரலாம் என்று கேட்கச் சொன்னார்களாம்.

ஹாஜறா தொலைபேசியை றஸ்னாவிடம் நீட்டினாள்.

"விதைப்பு முடியட்டும் ராத்தா" என்று ஸம்றாவிடம் சொன்னாள் றஸ்னா. "அதுவரைக்கும் காக்காக்கு நேரமில்ல." சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தவளின் முகத்தைப் பார்த்து ஸுஹைறா, "சிரிக்காதடீ, பல்லு தெரியுது" என்றாள்.

அடுத்த கிழமை தெருப்பக்க மதிலுக்கு மேசன் வந்தார். முளை அடித்து நூல் கட்டினார். நூல் ஒரே நேராக வளவின் மூலைவரை ஓடியது. றஸ்னா மூலைக்குப் போய் நின்றாள்.

"வாப்பா, இந்த இடத்த மூட வேணாம். மெசின் போய்வர வாசல் உடுங்க."

மீராமுகைதீன் மகளைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். "அது ஒன்ட வளவு" என்றார். "நீ சொல்ற மாதிரிக் கட்டட்டும்."

மேசன் நூலை அவிழ்த்து இடைவெளி விட்டு முளைகளை மாற்றி அடித்தார். றிஸ்மி கலப்பையோடு மெசினைப் பின்பக்கமாக எடுத்தான். ஸுஹைறா கையாட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கூவினாள். கலப்பையின் இரண்டு கரையிலும் முளைகளுக்கு ஒவ்வொரு சாண் இருந்தது.

"காணும் புள்ள, இது போதும்" என்றான் றிஸ்மி.

"நாளைக்குப் பெட்டி வாங்கினா?" என்றாள் றஸ்னா.

அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டி கலப்பையைவிட அகலம். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

றஸ்னா குனிந்து, வீட்டுப்பக்கத்து முளையை ஆட்டிப் பிடுங்கினாள். இடைவெளி அகலும்படி தன் வீட்டு வாசலை நோக்கி ஒரு முழம் உள்ளே வந்து, அதை மண்ணில் ஊன்றி, மேசனின் சுத்தியலுக்குக் கையை நீட்டினாள்.